ஒன்பது நிமிடப் பழுது: ஒரு துப்பறியும் நாவலைச் சரிசெய்த குறிப்புகள்

கையெழுத்துப் பிரதியின் 212ஆம் பக்க ஓரத்தில், "இந்தப் பையன் எப்படிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்கிறான்?" என்று பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார் நண்பர். முப்பது ஆண்டுகளாகக் குற்ற வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் அவர். இரண்டு ஆண்டு உழைப்பில் எழுதி முடித்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்த நாவலில், கதையின் உச்சக் காட்சியே சட்டப்படி நடந்திருக்க முடியாத ஒன்று என்பதை அந்த வரி சொல்லிவிட்டது. அதன் பிறகு எட்டு மாதங்கள் நான் செய்தது எழுத்து வேலை என்பதைவிடப் பழுதுபார்ப்பு வேலை என்பதே பொருத்தம்.

கதை இதுதான். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரே சீனியரிடம் தொழில் பழகிய இரண்டு வக்கீல்களுள் வயதில் பெரியவர், அன்று கறுப்பர் பட்டணம் எனப்பட்ட பகுதியில் தம்புச் செட்டித் தெருவிலுள்ள தம் அலுவலக மாடியில் ஒரு நாள் இரவு குத்துப்பட்டுக் கிடக்கிறார். போலீஸ் அவருடைய எடுபிடிப் பையனைக் கைது செய்கிறது. பையன் செய்திருக்க மாட்டான் என்று நம்பும் இளைய வக்கீல், இறந்தவர் விட்டுச்சென்ற வழக்குக் கட்டுகளைத் தாமே ஏற்று நடத்திக்கொண்டு, அவற்றின் வழியாகவே கொலையாளியைத் தேடிப் போகிறார். முதல் வரைவில் இது 1904இல் நடந்தது. ஏன் 1904 என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எழுதத் தொடங்கிய அன்று தோன்றிய ஆண்டு, அவ்வளவுதான்.

நீதிமன்றப் பகுதியிலிருந்த தவறுகள் வெட்கப்படத்தக்கவை, ஆனால் திருத்துவதற்கு எளியவை. 1898ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின்படி, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைக்கக் கூடாது. நீதிபதி கேள்வி கேட்கலாம், அவர் பதில் சொல்லலாம், ஆனால் தம் வழக்கிலேயே சாட்சியாகக் கூண்டேறும் உரிமை அவருக்கு இல்லை. அந்த உரிமை 1955இல்தான் வந்தது. ஆகவே பையனின் நீண்ட வாக்குமூலமும், அதைத் தொடர்ந்து அரசு வழக்கறிஞர் நடத்திய குறுக்கு விசாரணையும், மொத்தம் பதினொரு பக்கங்கள், குப்பைக்குப் போயின. ஜூரியில் பன்னிரண்டு பேரை உட்கார வைத்திருந்தேன். ஆங்கிலப் படங்கள் பார்த்ததன் விளைவு அது. அன்றைய உயர் நீதிமன்ற செஷன்ஸ் விசாரணையில் ஜூரிகள் ஒன்பது பேர். அவர்களுள் ஆறு பேர் ஒருமித்து, நீதிபதியும் அதை ஏற்றால் தீர்ப்பு. கடைசி அத்தியாயத்தில் உண்மையான கொலையாளி இன்ஸ்பெக்டரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளும் காட்சியும் பயனற்றது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நிரூபிக்க 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் தரவில்லை.

ஒரு தவறு மட்டும் கதைக்கு நன்மையாக முடிந்தது. பையனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டதும் இளைய வக்கீல் "அப்பீல் செய்வோம்" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். அன்று உயர் நீதிமன்றத்தின் செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடே கிடையாது. சட்டக் கேள்வி ஏதேனும் தவறாக முடிவு செய்யப்பட்டிருக்கிறது என்று அட்வகேட் ஜெனரல் சான்றளித்தால் மட்டும் மறுபரிசீலனைக்கு ஒரு சிறிய வாசல் திறக்கும். "அப்பீல்" என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அவரை மௌனமாக நிற்க வைத்தேன். அந்தப் பக்கம் இப்போது நன்றாக இருக்கிறது.

உண்மையான பழுது வேறிடத்தில் இருந்தது. கொலையாளி, இறந்தவரிடம் தம் வழக்கைக் கொடுத்திருந்த கட்சிக்காரர் ஒருவர். கொலை நடந்த இரவு அவர் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து 8.15க்குப் புறப்பட்ட பெங்களூர் ரயிலில் ஏறியதற்குச் சாட்சி உண்டு. அலறல் கேட்டபோது சுவர்க் கடிகாரம் காட்டிய நேரத்தைக் குமாஸ்தா சொல்கிறார். அந்த நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையே போதிய அவகாசம் இல்லாததால் போலீஸ் அவரை விட்டுவிடுகிறது. பிறகு இளைய வக்கீல், "கடிகாரம் தவறாக ஓடியிருக்கிறது" என்று கண்டுபிடிக்கிறார். எப்படிக் கண்டுபிடித்தார் என்பதற்கு முதல் வரைவில் நான் வைத்திருந்த விடை, அவருக்குத் திடீரென்று தோன்றியது என்பதுதான். படிப்பவர் புத்தகத்தை மூடிவைக்க இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை.

இதற்குத் தீர்வு ஆண்டை மாற்றியதில் கிடைத்தது. 1906 ஜனவரி 1ஆம் தேதி இந்தியாவுக்கான பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ரயில்வேக்கள் பின்பற்றி வந்த சென்னை நேரம் கிரீன்விச்சைவிட ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் பத்து வினாடி முன்னால் இருந்தது. புதிய நேரம் ஐந்தரை மணி முன்னால். சென்னைக் கடிகாரங்களை எட்டு நிமிடம் ஐம்பது வினாடி முன்னே தள்ள வேண்டியிருந்தது. கல்கத்தாவும் பம்பாயும் இந்த மாற்றத்துக்கு இணங்காமல் தம் பழைய நேரத்தையே பல்லாண்டுகள் வைத்துக்கொண்டிருந்தன என்பது தனிக் கதை. என் கொலையை 1906 ஜனவரி 4, வியாழக்கிழமை இரவுக்கு மாற்றினேன். அந்த மாதக் கடைசியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வரவிருந்தார் என்பதும் வசதியாகப் போயிற்று. வழக்கை விரைவில் முடித்துவிட வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் துடிப்பதற்கு இனி நான் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

இப்போது கணக்கு இப்படி அமைந்தது. குமாஸ்தா பார்த்தபோது அலுவலகக் கடிகாரம் 7.53 காட்டியது. ரயில் புறப்பட்டது புதிய நேரப்படி 8.15க்கு. அலுவலகக் கடிகாரம் பழைய நேரத்தில் ஓடியிருந்தால் அலறல் கேட்டது புதிய நேரப்படி 8.02, ரயிலைப் பிடிக்கப் பதின்மூன்று நிமிடம்தான் இருந்திருக்கும். கடிகாரம் ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தால் இருபத்திரண்டு நிமிடம். சர்க்காரின் புதிய நேரத்துக்குத் தாம் கட்டுப்படப் போவதில்லை என்று அலுவலகத்தின் சீனியர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர், ஆகவே கடிகாரம் பழைய நேரத்தில்தான் ஓடியிருக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் முடிவுகட்டினார். கடிகாரத்தையே பார்த்துச் சரிபார்க்கலாமே என்று நண்பர் கேட்டார். முடியாது. அது எட்டு நாளைக்கு ஒருமுறை சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம். சாவி கொடுத்து வந்தவரோ இறந்துவிட்டார். நேரத்தைப் பற்றிய கேள்வி எழுவதற்குள் அது நின்றுபோய்விட்டது.

பதின்மூன்று நிமிடத்தில் முடியாது, இருபத்திரண்டு நிமிடத்தில் முடியும் என்பதைக் காகிதத்தில் மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தம்புச் செட்டித் தெருவின் நடுப்பகுதியிலிருந்து பூக்கடை, ஈவினிங் பஜார் வழியாகச் சென்ட்ரல் வரை நடந்தேன். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். இருபத்து நான்கு நிமிடம் ஆனது, சட்டை முழுதும் வேர்வை. நடந்து போனால் இரண்டு கணக்கிலுமே ரயில் கிடைக்காது. அடுத்த வாரம் அதே வழியில் சைக்கிளை ஒரு ஜட்காவின் ஓட்டத்துக்கு மெதுவாக மிதித்துப் போனேன், பதினொரு நிமிடம். மாடிப்படி இறங்க, வண்டி பிடிக்க, ஸ்டேஷன் வாசலிலிருந்து பிளாட்பாரத்துக்கு ஓட என்று இன்னும் ஆறேழு நிமிடம் சேர்த்தால் பதினெட்டு. இருபத்திரண்டுக்குள் அடங்குகிறது, பதின்மூன்றுக்குள் அடங்கவில்லை. முதல் வரைவில் அவரை எழும்பூர் ஸ்டேஷனின் செங்கல் கட்டடத்துக்கு அனுப்பியிருந்தேன்; இன்று நாம் பார்க்கும் அந்தக் கட்டடம் 1908இல்தான் திறக்கப்பட்டது என்பதால் அவருடைய பயணத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

அடுத்து, கடிகாரத்தை இறந்தவர் திருத்தினார் என்பதை எப்படி நிரூபிப்பது? அவர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார் என்று எழுதலாம். ஆனால் கதையில் நாட்குறிப்பு என்பது எழுதுகிறவரின் சோம்பல். இங்கே ஒரு மாதம் நின்றுவிட்டேன். எழுத்து ஓடாத அந்த மாதத்தில்தான் பெரியப்பா வீட்டுப் பரணில் கிடந்த பழைய ஊசல் கடிகாரத்தைக் கீழே இறக்கினேன். முகப்பில் இரண்டு சாவித் துளைகள்: வலப்பக்கம் முள் ஓடுவதற்கு, இடப்பக்கம் மணி அடிப்பதற்கு. தூசியைத் தட்டி, சாவி கொடுத்து, ஊசலை மெல்ல ஆட்டிவிட்டதும் ஓடத் தொடங்கியது. சுவரில் கொஞ்சம் சாய்ந்திருந்தால் டிக் ஒலியும் டக் ஒலியும் நொண்டுகின்றன. இரண்டுக்கும் இடைவெளி சமமாகக் கேட்கும்வரை பெட்டியின் அடிப்பக்கத்தை ஒரு நூலளவு இடமும் வலமுமாக நகர்த்த வேண்டும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

கதைக்காக அதன் முள்ளை ஒன்பது நிமிடம் முன்னே தள்ளிப் பார்த்தேன். பிறகு ஆர்வம் மீறி நாலைந்து மணி நேரத்துக்கு முள்ளைப் பரபரவென்று சுற்றினேன். அதோடு முள் ஒரு மணி காட்ட, அடி வேறொன்றாக விழத் தொடங்கியது. ஐந்து காட்டும்போது மூன்று அடித்தது. ஆறு காட்டும்போது நான்கு. பெரியம்மா, "நன்றாகக் கிடந்ததைக் கெடுத்துவிட்டாயே" என்றார். ஜார்ஜ் டவுனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டுக் கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவரிடம் எடுத்துப் போனேன். பின்பலகையைக் கழற்றிக் காட்டினார். ஓரத்தில் வெவ்வேறு இடைவெளிகளில் வெட்டுகள் உள்ள ஒரு சக்கரம், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அடிகளை எண்ணிக்கொண்டே போகிறது; முள் எங்கே நிற்கிறது என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. முள் பன்னிரண்டைத் தொடும்போது "அடி" என்ற செய்தி மட்டும்தான் அதற்குப் போகிறது. "சார், முள்ளை உங்க இஷ்டத்துக்கு இழுக்கக் கூடாது. மணி அடிச்சு முடிக்கட்டும், அப்புறம் நகர்த்துங்க" என்றவர், உள்ளே தொங்கிய ஒரு மெல்லிய கம்பியை விரலால் தூக்கித் தூக்கி விட்டார். ஒவ்வொரு முறையும் கடிகாரம் அடுத்த எண்ணிக்கையை அடித்தது. முள்ளும் அடியும் பொருந்தியதும் நிறுத்திக்கொண்டார். ஐம்பது ரூபாய் கேட்டார், நூறு கொடுத்தேன்.

எனக்கு வேண்டியது அந்த மேசையிலேயே கிடைத்துவிட்டது. பெரிய முள் பன்னிரண்டைத் தாண்டும் வகையில் ஒன்பது நிமிடம் நகர்த்தினால், பக்குவம் தெரிந்தவர் முள்ளை நிறுத்தி மணியை முழுதாக அடிக்க விடுவார். சத்தமில்லாமல் அதைச் செய்ய வழியில்லை. ஜனவரி 1, திங்கட்கிழமை, நீதிமன்றம் விடுமுறை. இறந்தவர் முக்காலியின் மேல் ஏறிக் கடிகாரத்தைத் திருத்துகிறார். முள் 3.55இலிருந்து 4.04க்குப் போகிறது. முன்னறையில் நகல் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா நான்கு அடிகளைக் கேட்டு, பேனாவைத் துடைத்துவைத்துவிட்டு, நாள்தோறும் நான்கு மணிக்கு நடை திறக்கும் பிள்ளையார் கோவிலுக்குப் போகிறார். கதவு சாத்தியிருக்கிறது. கோவிலுக்கு இன்னும் பழைய நேரம்தான். பூவை இலையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் காத்திருந்ததும், அர்ச்சகர் தாமதமாக வந்ததாக நினைத்து அவரிடம் கடிந்து பேசியதும் அவருக்கு நினைவிருக்கிறது. ஏன் காத்திருக்க நேர்ந்தது என்று அவர் அதுவரை யோசித்ததில்லை. இளைய வக்கீல் அந்தக் காத்திருப்பைப் பற்றிக் கேட்கும் காட்சி மூன்று பக்கம். நாவலில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இரண்டாவது பழுது, கொலைக்குக் காரணமான பத்திரம். 1903 என்று தேதியிட்ட ஒரு சொத்துரிமைப் பத்திரத்தைக் கட்சிக்காரர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அது போலி என்று கண்டதனால்தான் மூத்த வக்கீல் கொல்லப்பட்டார். ஆரம்பத்தில் கொலைக்கான காரணத்தை ஆர்பத்நாட் வங்கியின் முறிவோடு முடிச்சுப் போட எண்ணி நாற்பது பக்கம் எழுதினேன். அந்த வங்கி முறிந்தது 1906 அக்டோபரில், என் கதை நடப்பதோ ஜனவரியில். நீக்கியதில் எனக்கு வருத்தமில்லை. உயர் நீதிமன்றக் கோபுரத்தில் 1894 முதல் எரிந்த கலங்கரை விளக்கைப் பற்றிய நான்கு பக்க வர்ணனையும் அதனோடு போயிற்று. காலத்தைக் காட்டப் போடும் சோடனைகளை நான் இப்போது பழைய துணிக்கு வைக்கும் ஒட்டுப்போலத்தான் பார்க்கிறேன்.

பத்திரம் போலி என்பதை மை சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். அக்காலத்து எழுதும் மை பெரும்பாலும் மாசிக்காயின் துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்ந்தது. எழுதியவுடன் வெளிறியிருக்கும், காற்றுப் பட்டுப் படிப்படியாகக் கறுக்கும். எழுத்து உடனே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் நீலச் சாயம் சேர்த்து விற்றார்கள். நீலக் கறுப்பு என்ற பெயர் அதனால்தான்.

நாட்டு மருந்துக் கடையில் 30 கிராம் மாசிக்காய், 20 கிராம் அன்னபேதி என்ற இரும்பு உப்பு, 10 கிராம் கருவேலம் பிசின் வாங்கினேன். மாசிக்காயை உரலில் இடித்து, 300 மில்லி தண்ணீரில் ஐந்து நாள் ஊறவைத்து, மல்துணியில் வடிகட்டி, மற்ற இரண்டையும் கலந்தேன். அழுக்குச் சிவப்பில் ஒரு கலங்கல் வந்தது. ஒரு வாரமானாலும் கறுக்கவில்லை. கடைக்காரர் கொடுத்தது அன்னபேதிச் செந்தூரம்; புடம் போட்டுச் சிவந்த இரும்புத் துரு, தண்ணீரில் கரையாது. பார்க்காமல் வாங்கி வந்தது என் தவறு. இரண்டாவது முறை பச்சைப் படிகமாக இருந்ததைக் கேட்டு வாங்கினேன். வடிநீரில் அதைப் போட்ட கணமே கிண்ணம் ஊதாக் கறுப்பாகியது. தொட்டெழுதும் பேனாவால் எழுதினால் எழுத்து கழுநீர் நிறத்தில் மங்கலாக விழுந்தது. காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது சாம்பல் நிறம். மறுநாள் காலையில் அட்டைக் கறுப்பு. பேனாவைக் கழுவாமல் வைத்ததில் எஃகு நிப்பு ஒரே வாரத்தில் துருவேறி முனை உதிர்ந்துவிட்டது.

அதோடு, இன்றும் கிடைக்கிற இரும்பு வகை நீலக் கறுப்பு மை ஒரு புட்டி வாங்கி, ஒரே வாக்கியத்தைப் பத்துத் துண்டுக் காகிதங்களில் எழுதி, ஐந்தை ஜன்னலோரத்திலும் ஐந்தை இழுப்பறையிலும் வைத்து, நாள்தோறும் ஒரே வெளிச்சத்தில் படமெடுத்தேன். ஜன்னலோரத்தவை விரைவாகவும் இழுப்பறையிலிருந்தவை தயங்கித் தயங்கியும் நீலத்தைவிட்டுக் கறுப்புக்குப் போயின. இதிலிருந்து ஒன்று விளங்கியது: ஒரு பத்திரத்தின் மை நீலமாக இருக்கிறது என்பதைவிட, அது இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்பதே வலுவான சான்று. இரண்டரை ஆண்டுக்கு முன் எழுதியது இத்தனை நாளில் மாறி முடித்திருக்கும். ஆகவே என் இளைய வக்கீல் வாதாடுவதில்லை. பத்திரத்தின் நிறத்தை முதல் நாளே மாஜிஸ்திரேட்டைக் கொண்டு பதிவு செய்யச் சொல்லி, பதினைந்து நாள் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்கிறார். "அது வெறும் சாயமையாக இருந்தால்?" என்றார் நண்பர். துண்டுகளின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சாயமை கரைந்து ஓடியது. இரும்பு மையில் கொஞ்சம் நீலம் கசிந்தாலும் எழுத்து நின்றது. அந்தத் தண்ணீர்ச் சொட்டும் கதைக்குள் போய்விட்டது.

இந்த இரண்டு பழுதுகளையும் ஒன்றாகப் பிணைத்தது சாட்சியச் சட்டமே. கட்சிக்காரர் தொழில்முறையில் சொன்னதை வக்கீல் வெளியிடக் கூடாது என்றது அதன் 126ஆம் பிரிவு. குமாஸ்தாவையும் அதே கட்டுக்குள் வைத்தது 127ஆம் பிரிவு. வேலை முடிந்துபோனாலும் அந்தக் கடமை முடிவதில்லை. பத்திரத்தைப் பற்றிக் கட்சிக்காரர் சொன்னதையெல்லாம் கேட்டிருந்த குமாஸ்தா அதைச் சொல்ல முடியாது. கடிகாரம் நான்கு அடித்ததையும் கோவில் வாசலில் காத்திருந்ததையும் சொல்லலாம். அவை எந்தக் கட்சிக்காரரின் இரகசியமும் அல்ல. சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொல்லப்பட்டதற்குப் பாதுகாப்பு இல்லை என்ற விதிவிலக்கும் அதே 126ஆம் பிரிவில் இருந்தது. எனவே மை முதலில் மோசடியைக் காட்ட வேண்டும், பிறகுதான் குமாஸ்தாவின் வாய் திறக்கும். அத்தியாயங்களின் வரிசை இதனால் தலைகீழானது. பதினான்காவது ஒன்பதாவதாயிற்று, ஒன்பதாவது இரண்டாக உடைந்தது.

மூன்றாம் வரைவு சென்ற வாரம் நண்பரிடமிருந்து திரும்பி வந்தது. 188ஆம் பக்க ஓரத்தில் பென்சில் வரி: "ஜட்காக்காரன் எங்கே?" கொலையாளி வண்டியில் போனார் என்றால் வண்டி ஓட்டியவன் ஒரு சாட்சி, கடிகாரத்தைப் பற்றி இவ்வளவு யோசித்த இளைய வக்கீல் அவனைத் தேடாமல் இருந்திருக்க மாட்டார். நாளை காலை அந்த அத்தியாயத்தைப் பிரிக்க வேண்டும்.